பின் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் முதல் பக்கச் செய்தியைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. முழுப் பக்க விளம்பரம் ஒன்று, திருப்பினால் இன்னொன்று, அப்புறம்தான் செய்தி. இந்த வருடம் எங்கள் வீட்டில் பேச்சைக் கிளப்பியது ஒரு வாஷிங் மெஷின் விளம்பரம். பழைய மெஷின் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போகலாமாம். விளம்பரம் வாங்கிப் போடுவது உங்கள் தொழில், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஓடாத மெஷின்களைப் பற்றி எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

நான் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. பிளவுஸ், சுடிதார், ஜூன் வந்தால் பள்ளிச் சீருடை. தையல் மெஷினுக்கு பெல்ட் மாற்றுவது, எண்ணெய் விடுவது, பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சு எடுப்பது எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். கரண்ட் சாமான் என்றால் ஃபியூஸ் கட்டையைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டு இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினைப் பிரித்து ஓட வைத்ததற்குக் காரணம் பழைய பொருள் மேல் இருக்கும் பாசம் அல்ல. லைனிங் துணி.

லைனிங்கையும் புடவை ஃபால்ஸையும் தைப்பதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துச் சுருங்க வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் தைத்தால் முதல் துவையலிலேயே ஓரம் சுருட்டிக்கொள்ளும், வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார். ஆவணி, தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால் பக்கெட் பக்கெட்டாக நனைத்துப் பிழிய வேண்டியிருக்கும். மழை பிடித்துக்கொண்டால் காயவும் காயாது. எனக்கு வேண்டியது ஐந்து நிமிடம் அலசி, சில நிமிடம் பிழிந்து தரும் ஒரு சாதனம், அவ்வளவுதான். ஓசூரில் தங்கை வீட்டில் இருக்கும் முழு ஆட்டோமேட்டிக் மெஷின் மூடியைப் பூட்டிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. அதிலும் தனியாகப் பிழிய வழி இருக்கிறது என்பாள் தங்கை. அந்தப் பொத்தான்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் மெஷின் 1994-இல் மாமனார் பெங்களூருவில் வாங்கியது. அப்போது நாங்கள் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தது 2004 பிப்ரவரியில்தானே. பெங்களூருக்கு மாங்காய் ஏற்றிப்போய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் வந்து இறங்கியது என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். இரும்புத் தகட்டு உடம்பு, மேலே இரண்டு மூடி, மூன்று குமிழ். பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு ஒருநாள் உறுமியபடி நின்றுபோனது. அதற்குப் பிறகு பின்கட்டில் கேழ்வரகு மூட்டை அடுக்கும் மேடையாக இருந்தது. செய்த கம்பெனி இப்போது கடைகளில் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இதற்கு என்ன விலை போடுவார்கள் என்று ஒரு ஷோரூமில் விசாரித்தோம். இரண்டு லைனிங் பிளவுஸ் தைத்தால் எனக்குக் கிடைக்கும் கூலியைச் சொன்னார்கள்.

சரி, கொடுப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பின் பக்கத் தகட்டின் திருகுகள் துருப்பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன். தகடு கழன்றதும் ஒட்டடை, எலி இழுத்துப் போட்ட கந்தல், பல்லி முட்டை ஓடு எல்லாம் கொட்டியது. தகட்டின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தாலும் அச்சு அழியவில்லை. வாஷ் மோட்டார், ஸ்பின் மோட்டார், இரண்டு டைமர்கள், கெப்பாசிட்டர், மூடிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச், எந்த நிற வயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்பது வரை முழு வரைபடம். இந்தத் தாளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். அது இல்லாமல் இருந்திருந்தால் தகட்டைத் திரும்ப மூடிவிட்டு ஷோரூமுக்கே போன் செய்திருப்பேன்.

எங்கள் ஊரில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டுக் காட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, எதையும் தொடாதீங்க, கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்" என்றார். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயர்களை அதன் முனைகளில் வைத்து எடுத்தார். இத்தனை வருடம் கிடந்ததில் ஒன்றும் மிஞ்சியிருக்காது, ஆனாலும் இதைச் செய்யாமல் கை வைப்பதில்லை என்றார். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டு மெஷினைத் திறப்பதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதாது.

மோட்டார் உறுமுகிறது, தானாகச் சுற்றவில்லை, கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சீலிங் ஃபேனிலும் இதே நோய்தான். ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் போடுவார்கள், எங்கள் வாஷ் மோட்டாருக்கு 10. இந்த மோட்டாருக்குள் ஒரே மாதிரி இரண்டு காயில்கள் இருக்கின்றன. டைமர் ஒரு முறை இதற்கும் மறு முறை அதற்கும் நேராகக் கரண்ட் கொடுக்கும், மற்றது கெப்பாசிட்டர் வழியாக வாங்கிக்கொள்ளும். துணி ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறு பக்கம் சுற்றுவது இதனால்தான். தம்பி அந்தத் தாளின் மேல் விரலை ஓட்டிச் சொன்னபோது, பத்தாம் வகுப்போடு நிறுத்திய எனக்கே விளங்கிவிட்டது.

மோட்டார் பேரிங்கில் 6202 என்று பொறித்திருந்தது. உள் துளை 15 மில்லிமீட்டர், வெளி விட்டம் 35. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த எண்ணுக்கு இந்த அளவுதான். சீலிங் ஃபேன்களில் நிறையப் போடுவது இதே பேரிங். எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைத்தது. காயில் நல்ல செம்புக் கம்பி, எரியவில்லை. "இரும்புக் கடைக்காரர் இந்தச் செம்புக்காகத்தான்க்கா கேப்பார், மெஷினுக்காக இல்ல" என்றார் தம்பி. இப்போது வரும் மோட்டார்களில் நிறைய அலுமினியக் கம்பிதான் என்றும் சொன்னார்.

பெரிய பாடு படுத்தியது துவைக்கும் தொட்டியின் அடியில் சுற்றும் தட்டு, பல்சேட்டர். நடுத் திருகு கழன்றுவிட்டது, தட்டு அசையவில்லை. தென்பெண்ணை பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனாலும் எங்கள் தெருப் போர் தண்ணீர் கடும் உப்பு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது, துவைக்கப் போர்தான். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்போடு சோப்பு சேர்ந்தால் நுரை வராது, வெள்ளையாகத் திப்பி படியும். வருடக்கணக்கில் அது தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே இறங்கி சிமெண்ட் பூசியது போல இறுகியிருந்தது. மளிகைக் கடையில் லெமன் சால்ட் வாங்கி வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியாகப் பொரிந்தது. புளிக்குப் பேர் போன சீமையில் காசு கொடுத்து லெமன் சால்ட் வாங்கியதை அத்தையால் தாங்க முடியவில்லை. "ஏம்மா, வீட்ல இவ்ளோ புளி கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பித்தளைக் குடத்துக்குப் புளி போதும் அத்தை, இந்தக் கல்லுக்குப் போதாது என்றேன். ஊற்றுவதும் வடிப்பதும் மறுபடி ஊற்றுவதுமாகப் போய், ஒரு கட்டத்தில் தட்டு சட்டென்று கையோடு வந்தது.

கீழே ஒரு கடையே இருந்தது. பிளவுஸ் கொக்கிகள், ஊக்கு, உடைந்த சீப்புப் பற்கள், சட்டை பட்டன்கள், இரண்டு 25 பைசா. அந்தக் காசை 2011 ஜூன் மாதத்தோடு செல்லாது என்று அறிவித்தார்கள். யார் சட்டைப் பையில் இருந்து எப்போது விழுந்ததோ. பட்டன்களைக் கழுவி டப்பாவில் போட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் அந்த மாதிரி கனமான பட்டன் கிடைப்பதில்லை.

தட்டு சுற்றும் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துபோய்த் தண்ணீர் கீழே மோட்டார் பக்கம் ஒழுகியிருக்கிறது. அதன் விளிம்பிலும் உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றும் இருந்தன. அதே அளவு சீல் டூ வீலர் ஸ்பேர் கடையில் கிடைத்தது. பிழியும் தொட்டிக்கு அடியில் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர், பெல்லோஸ் என்பது, அப்படிக் கிடைக்கவில்லை. அது அந்தந்த மாடலுக்கென்று வார்ப்பது. மகன் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை வாங்கி வந்தான். பிரேக்கையும் அவனே சரி செய்தான். பிழியும் தொட்டி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். மூடியைத் திறந்ததும் கரண்ட் நின்று, பிரேக் பிடித்து, சில நொடியில் தொட்டி நிற்க வேண்டும். அந்த பிரேக் கம்பியை அறுத்துவிட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணியை எடுக்கிறேன் என்று கையை விட்டால் முறுக்கிவிடும்.

டைமர் கதை வேறு. வாஷ் டைமர் குமிழைத் திருகினால் பாதியில் நின்றுகொண்டது. புதியது தேடினோம், அந்தத் தண்டுக்குப் பொருந்தும் டைமர் எங்கும் இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இருக்கும் அதே சுருள் வில், அதே பற்சக்கரங்கள். அதன் பக்கத்தில் மேடு பள்ளமாக வெட்டிய ஒரு வட்டு, அது சுற்றும்போது தூக்கி இறக்கும் செம்புத் தகடுகள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன்.

"இதென்னம்மா, எந்தக் கடிகாரத்துது?" என்றார். வாஷிங் மெஷினுதுங்க ஐயா என்றதும் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தவர், நிமிரவே இல்லை. "வில்லு தங்கமாட்டம் இருக்கு. எண்ணெய்தான் காஞ்சு பிசினாயிடுச்சு" என்றார். பெட்ரோலில் போட்டு அலசி, குச்சி முனையில் தொட்டு ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். கறுத்துப்போன செம்புத் தகடுகளுக்கு நடுவில் கெட்டித் தாளைச் செருகி இழுத்துத் துடைத்தார். குமிழைத் திருகிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு என்னிடமும் நீட்டினார். ஒரே சீராக ஓடியது. கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினால் என்ன வாங்குவாரோ அதையே வாங்கிக்கொண்டார். செல்போன் வந்த பிறகு கையில் வேலை குறைந்துபோன இப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளித் தகட்டில் அரித்த இடத்துக்கு ஹைவேயில் லாரிக்கு டிங்கரிங் செய்யும் பட்டறையில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். பெயிண்டர், பின்னால் 'ஒலி எழுப்பவும்' எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது தானாகவே எழுப்புகிறது என்றேன். எழுப்பத்தான் செய்கிறது. புது மெஷின் மாதிரி அமைதியாக ஓடாது. முன்னால் கதவு வைத்த மெஷின்களை விடத் தண்ணீரும் அதிகம் குடிக்கிறது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அலசின தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். இரும்பு உடம்பு என்பதால் எர்த் வயரைப் புதிதாக இழுத்து, ஷாக் அடித்தால் லைனைத் துண்டிக்கும் டிரிப்பரும் போட்ட பிறகுதான் பிளக்கைச் சொருக விட்டார் காயில் கட்டும் தம்பி.

இப்போது தங்கை வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். அவளுடைய ஆட்டோமேட்டிக் மெஷின் வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் விளக்கு மட்டும் எரிந்து நின்றது. மோட்டார் நன்றாக இருக்கிறது, தொட்டி நன்றாக இருக்கிறது, போர்டு போய்விட்டது என்றார் வந்த மெக்கானிக். ஈரம் படாமல் இருக்க அந்த போர்டு முழுவதும் பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள். அது நியாயமான காரணம்தான், துவைக்கிற சாதனம் அல்லவா. ஆனால் உள்ளே எந்தச் சின்னப் பொருள் போயிற்று என்று யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. மொத்த போர்டையும் மாற்ற வேண்டும். அதன் விலை புது மெஷினில் பாதியை நெருங்கியது, அதுவும் எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்களாம். வரைபடம் கேட்டால் கம்பெனி தராது என்றார். கடைசியில் அதே கம்பெனியிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினாள். ஏழு வயதுகூட ஆகாத மெஷின்.

எங்கள் மெஷினைப் பிழைக்க வைத்தது என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பேரிங்கில் எண் இருந்தது, சீலில் அளவு இருந்தது, தகட்டில் வரைபடம் இருந்தது. இந்த மூன்றும் இருந்ததால் ஃபேன் கடையும் டூ வீலர் கடையும் வாட்ச் கடையும் எனக்கு உதவ முடிந்தது. கம்பெனியே போன பிறகும் மெஷின் ஓடுகிறது.

ஐரோப்பிய நாடுகளில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள் என்று மகன் எடுத்துக் காட்டினான். அங்கே 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி, ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதன் உதிரி பாகங்களைத் தர வேண்டும். கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பேரிங், மோட்டார், போர்டு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் நாட்டிலும் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். விவசாயக் கருவிகள், செல்போன், வாகனம், வீட்டு உபயோகப் பொருட்கள் எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அது கம்பெனிகள் தரும் தகவலைத் தொகுத்துக் கொடுக்கிற இடம். பாகத்தை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் புது விதிகள் நடப்பில் இருக்கின்றன. தயாரித்த கம்பெனியே பழைய மெஷினின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன அவை. நல்ல விதிதான். ஆனால் ஓடக்கூடிய மெஷினை உடைத்துத் தகடு வேறு செம்பு வேறாகப் பிரிப்பதற்கு முன்னால், அது ஓடுமா என்று ஒரு ஆள் பார்க்க வேண்டாமா? நம் இரண்டு மாவட்டங்களிலும் ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன, எலக்ட்ரீஷியன் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் வரும் மெஷின்களில் சிலவற்றை அவர்களுக்குப் பழகக் கொடுத்தால் கடைகளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மின் வரைபடத்தை மெஷினுக்குள்ளேயே ஒட்ட வேண்டும், பாகத்தின் எண்ணையும் விலையையும் வெளியிட வேண்டும், மாடலை நிறுத்தினாலும் சில ஆண்டுகள் பாகம் விற்க வேண்டும். 1994-இல் முதலாவதை யாரும் கேட்காமலேயே செய்திருக்கிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஆடி விளம்பரம் தரும் கடைகளிடம், எக்ஸ்சேஞ்சில் வாங்கும் பழைய இரட்டைத் தொட்டி மெஷின்களின் டைமரையும் பெல்லோஸையும் தனியாக விற்பார்களா என்று கேட்டு ஒரு செய்தி போடுங்கள். எங்கள் ஸ்பின் டைமர் பிரிக்க முடியாதபடி ரிவெட் அடித்தது, வாட்ச் ரிப்பேர் பெரியவரும் கைவிட்டுவிட்டார். ஐந்து நிமிடம் வைத்தால் மூன்றிலேயே நின்றுவிடுகிறது. யாரிடமாவது அந்த மாடல் டைமர் இருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.